ஆ. கோமதிநாயகம், மருதங்குறிச்சி

ஜூலை 5, சனி

ஆய்வு நூலகத்தில் இன்று முதல் வகுப்பு. 'உங்கள் குடும்ப வரலாற்றை நீங்களே தேடலாம்' என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எட்டுச் சனிக்கிழமைகள், கட்டணம் கிடையாது, பதினோரு மணிக்குக் காபி. பாளையங்கோட்டை வெயிலில் ஏ.சி. அறையும் ஓசிக் காபியும் கொடுத்தால் யார்தான் போகமாட்டார்கள். அதற்காகத்தான் போனேன்.

பையை வாசலிலேயே வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே பேனா கூடாதாம், பென்சில்தான். பழைய காகிதத்தில் மை பட்டால் போகாது என்றாள் எஸ்தர். அவள்தான் இந்த வகுப்புக்குப் பொறுப்பு. நாற்பது வயதிருக்கும். நூலகரென்றால் முணுமுணுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இவள் மீன் சந்தையில் கூப்பிடுவது போல் பேர் கூப்பிட்டாள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

மொத்தம் பதினாறு பேர். பக்கத்து நாற்காலியில் சங்கரநயினார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். தன் பூட்டன் எட்டயபுரம் அரண்மனையில் பெரிய உத்தியோகம் பார்த்தார் என்று காபி வருவதற்குள் மூன்று முறை சொல்லிவிட்டார். என்ன உத்தியோகம் என்று கேட்டேன். அதைத்தான் தேட வந்திருக்கிறாராம்.

ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். பெயர்: ஆ. பிரமநாயகி. வயது: 63. வேலை: டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், ஓய்வு. தந்தை: கோ. ஆறுமுகம், மருதங்குறிச்சி கிளை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டர், 2003இல் காலமானார். தாய்: ஆவுடையம்மாள், வயது 87. தாத்தா: ஆ. கோமதிநாயகம், திண்ணைப் பள்ளி வாத்தியாராக இருந்து பிறகு போர்டு ஸ்கூலுக்குப் போனவர். உடன்பிறந்தோர் என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்று மட்டும் எழுதினேன். எஸ்தர் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணனாக்கா, தம்பியா?"

"அண்ணன்."

"எங்க இருக்காங்க?"

"வெளியூர்," என்றேன்.

ஜூலை 7, திங்கள்

அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கினேன். கேஸ் புக் பண்ணினேன். பேப்பரில் வந்த அந்த விளம்பரத்தைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன், போடவில்லை. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'கொழும்பு, ரங்கூன், பம்பாய் சென்ற நெல்லைச் சீமையினரின் சங்கப் பதிவேடுகளும் பார்வைக்குக் கிடைக்கும்.'

ஜூலை 12, சனி

இரண்டாம் வகுப்பு. பழைய பள்ளிக்கூடப் பதிவேடுகளைப் பார்ப்பது எப்படி என்று காட்டினார்கள். ஒரு பதிவேட்டில் ஒரு பையன் பெயருக்கு நேரே 'சொல்லாமல் நின்றுவிட்டான்' என்று எழுதியிருந்தது. சங்கரநயினார் சார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று முறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். "சுகர் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 19, சனி

யார் தேடும் பெயர் என்னவென்று சென்ற வாரமே எழுதி வாங்கியிருந்தார்கள். இன்று ஆளுக்கொரு அட்டை கொடுத்தாள் எஸ்தர். நூலகத்தில் இருக்கும் எல்லாப் பதிவேட்டையும் தன்னார்வலர்கள் படித்து, முன்னெழுத்து, பெயர், ஊர் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே அட்டையில் சேர்த்துவிடுவார்கள். என் அட்டையை அப்படியே இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஆ. கோமதிநாயகம், மருதங்குறிச்சி.
1901: பிறப்பு.
1925: ஆரம்பப் பள்ளி ஆசிரியர்.
1938: ஜில்லா போர்டு பள்ளிக்கு மாற்றம்.
1984 முதல் 1990 வரை: நெல்லை வாலிபர் சங்கம், பம்பாய் மாட்டுங்கா, வாசகசாலைப் பொறுப்பாளர்.
1991: மறைவு (சங்க ஆண்டு மலர்).

"உங்க தாத்தா லேசுப்பட்ட ஆளில்லக்கா," என்றாள் எஸ்தர். "எம்பது வயசுக்கு மேல பம்பாய்ல போய் வாசகசாலை நடத்திருக்காரு."

"தொண்ணூறு வயசு. நல்ல ஆயுசுதான்," என்றார் சங்கரநயினார் சார். அவர் பூட்டனுடைய அட்டை வெறுமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமைதான் அவருக்கு.

"ஆமா, நல்ல நடமாட்டமா இருப்பாரு," என்று மட்டும் சொன்னேன். எப்படித்தான் அந்தப் பொய் வாயில் வந்ததோ.

தாத்தா 1957 தை மாதம் செத்தார். அம்மா அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அடுத்த வருடம் அண்ணன் பிறந்தான். எங்கள் வீட்டு வழக்கப்படி தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தார்கள். தாத்தாவின் அப்பாவும் ஆறுமுகம், என் அப்பாவும் ஆறுமுகம். ஆகவே தாத்தாவும் ஆ. கோமதிநாயகம், அண்ணனும் ஆ. கோமதிநாயகம். மாமனார் பெயரை அம்மா சொல்லமாட்டாள் என்பதால் வீட்டில் அவன் துரை. கோமதிநாயகம் என்பது பள்ளிக்கூடத்தில் மட்டும்.

ஊரும் ஒன்று, பெயரும் ஒன்று, முன்னெழுத்தும் ஒன்று. எஸ்தரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனாலும் பம்பாயில் இருந்தவன் துரைதான் என்று எனக்கு எப்படித் தெரியும். வேறு யாராகவும் இருக்கலாம்.

ஜூலை 21, திங்கள்

மின்விசிறியைக் கழற்றித் துடைத்தேன். இரண்டு பரணையும் இறக்கி ஏற்றினேன். "என்னட்டி, வீட்ட விக்கப் போறியா?" என்று அம்மா கேட்டாள்.

மதியம் படுத்தால் கண் மூடவில்லை. எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் மெட்ராஸ் லைனுக்குச் சண்டை போடுவார்கள், நானாகக் கேட்டுப் பம்பாய் லைன் வாங்கினேன். அந்த லைனில் இரைச்சல் அதிகம், யாரும் அதற்குப் போட்டிக்கு வரமாட்டார்கள். "ஹலோ, திருநெல்வேலி பேசுகிறேன்" என்று சொன்னதும் எதிர்முனையில் தமிழ்க் குரல் வந்தால் இணைப்பைக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் காதில் வைத்துக்கொண்டிருப்பேன். கேட்கக் கூடாது, விதி. கேட்டேன். 1991இலும் அந்த லைனில்தான் இருந்தேன்.

ஜூலை 26, சனி

ஆண்டு மலரின் மூலப் பிரதியைக் கேட்டேன். எஸ்தர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். போகச் சொல்ல முடியவில்லை.

நாலே வரி. 'நமது வாசகசாலைப் பொறுப்பாளரும் எல்லோருக்கும் இனியவருமான மருதங்குறிச்சி ஆ. கோமதிநாயகம் அவர்கள் மஞ்சள் காமாலையால் 11.8.1991 அன்று காலமானார். ஊருக்குத் தகவல் அனுப்பியும் உறவினர் எவரும் வர இயலவில்லை. சங்க உறுப்பினர்களே இறுதிக் கடன்களைச் செய்தனர். அன்னாருக்கு நம் அஞ்சலி.' வயது போடவில்லை.

ஊருக்குத் தகவல் அனுப்பியும். ஊருக்குத் தகவல் என்றால் மருதங்குறிச்சி தபால் ஆபீஸ். தபால் ஆபீஸ் என்றால் அப்பா.

"பாவம், பிள்ளைக யாரும் போகலயாக்கா?" என்று கேட்டாள் எஸ்தர்.

பென்சில் முனை உடைந்துவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 30, புதன்

காலையில் கடைக்குப் போய்த் திரும்பினால் முன்னறையில் சங்கரநயினார் சார் உட்கார்ந்திருக்கிறார், அம்மா மோர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவருக்கு எங்கள் தெருவில் யாரோ சொந்தமாம். கடைசி வகுப்பன்று, ஆகஸ்ட் 23, கண்காட்சி. ஒவ்வொருவருடைய குடும்பத்துக்கும் ஒரு பலகை, குடும்பத்தோடு வர வேண்டும் என்று அழைக்க வந்தாராம். அதோடு நிறுத்தியிருக்கலாம் மனிதர்.

"உங்க மாமனார் பம்பாய்ல வாசகசாலை நடத்துனத அச்சுல பாத்தோம்மா. தொண்ணூறு வயசு வரைக்கும்," என்றார்.

அம்மா மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "மாமா தாமிரவருணியத் தாண்டி ஒரு நா கூடப் போனதில்லையே," என்றாள்.

"பழைய சேதில கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்," என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அவர் போனபிறகு அம்மா செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். சாயங்காலம் விளக்கேற்றும்போது, "நானும் வாரேன் அந்தக் கண்காட்சிக்கு," என்றாள். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பாள்.

ஆகஸ்ட் 2, சனி

வகுப்புக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று எஸ்தருக்குப் போன் செய்தேன். பிறகு டவுன் பஸ்ஸில் ஏறி ஜங்ஷன் போய், ஒன்றும் வாங்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுதிவிடுவதுதான் நல்லது. இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

1975 ஜூனில் துரை எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தோற்றான். அப்பா அவனைத் தபால் ஆபீஸ் வாசலில், கடிதம் வாங்க வந்த ஊர் மொத்தமும் பார்க்க, அடித்தார். மறுநாள் காலை அவன் பாய் சுருட்டியபடி இருந்தது, ஆளைக் காணவில்லை. பதினேழு வயது அவனுக்கு, எனக்குப் பதின்மூன்று.

பள்ளி விட்டு வந்ததும் அப்பாவுக்குத் தபால் பிரித்துக் கொடுப்பது என் வேலை. 1976 பங்குனியில் ஒரு நாள் பையைக் கொட்டியபோது ஒரு அஞ்சலட்டை விழுந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. படித்து முடித்ததும் அப்பா பிடுங்கிக்கொண்டார். அவர் ஒரு தரம் படித்தார். தபால் பைக்கு முத்திரை வைக்க அரக்கு உருக்கும் அடுப்பில் போட்டார். "அம்மைட்ட சொன்னா ரெண்டு பேரும் இந்த வீட்ல இருக்க மாட்டிய," என்றார். மறுநாளிலிருந்து தபால் பையை என்னைத் தொடவிடவில்லை.

அதன் பிறகும் வந்ததா, எத்தனை வந்தது, தெரியாது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சின்னப் பெண் என்பதால் பயம். பிறகு பெரியவளானேன், பயம் போகவில்லை. 2003இல் அப்பா போனார். அப்போது யாருக்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்பாளே, அதற்குத்தான் பயந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வி வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போனது.

அஞ்சலட்டையில் என்ன எழுதியிருந்தது என்று இப்போது நினைவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

எஸ்தரைத் தனியாகக் கூப்பிட்டு, அட்டையில் இருப்பது ஒருவரல்ல, இரண்டு பேர் என்றேன். தாத்தாவும் பேரனும். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்ல இப்படிப் பேரு திரும்ப வராதுக்கா. எனக்குத் தோணவே இல்ல. மன்னிச்சிருங்க." அப்புறம், "அப்ப அந்த மஞ்சக் காமாலை..." என்றாள்.

"எங்கண்ணன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விடுவித்துக்கொண்டேன். அங்கே அழுதால் நிறுத்த முடியாது.

தகவல் திருத்தப் படிவம் என்று ஒன்று கொடுத்தாள். மூன்று கட்டம். திருத்தம் என்ன. தகவல் தருபவருக்கு என்ன உறவு. ஆதாரம் என்ன.

"தாத்தா இறந்த வருஷத்துக்குக் கல்வெட்டோ சான்றிதழோ இருந்தாப் போதும்க்கா. ஆனா பம்பாய்ல இருந்தது உங்கண்ணன்தான்னு எழுத, அவரு அங்க போனாருன்னு காட்ட ஏதாவது வேணும். ஒரு கடுதாசி, கவர், எதுனாலும்."

"இல்ல."

"யாருக்குமே தெரியாதா அவரு பம்பாய்ல இருந்தது?"

படிவத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

படிவத்தை எடுத்தேன், வைத்தேன். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

பலகையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அல்லது தாத்தாவை 1957இல் நிறுத்திவிட்டு, பம்பாய் வரிகளை எடுத்துவிடச் சொல்லலாம். எஸ்தர் நான் சொன்னால் செய்வாள். அம்மா வந்து பார்ப்பாள், மாமா ஊரைத் தாண்டாதவராகவே இருப்பார். துரை வெளியூரிலேயே இருப்பான். அம்மாவுக்கு 87. இன்னும் எத்தனை நாள்.

இப்படி எழுதிய கையை வெட்டிப்போட வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நேற்று வகுப்பில் சங்கரநயினார் சாருக்கு அவர் பூட்டன் கிடைத்துவிட்டார். அரண்மனையில் யானைக்குத் தழை வெட்டிப் போடும் வேலை. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆனைக்குத் தழை போடணும்னா லேசா? தெனம் ஒரு வண்டி வெட்டணுமே," என்றார். அப்புறம் தன் பேத்திக்குப் போன் போட்டு அதையே பெருமையாகச் சொன்னார். இந்த மனிதரை இவ்வளவு நாள் கேலி செய்துகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ஐந்தாம் தேதி எழுதியதில் கடைசி வரி பொய். பதினோரு வருடம் நம்பர்களை மனப்பாடமாக வைத்திருந்தவள் நான். அந்த அஞ்சலட்டையில் ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். இலையோடு காம்பும் வந்தது.

"எம்மா, அன்னைக்கு அந்த சார் பம்பாய்னு சொன்னது தாத்தா இல்ல."

"தெரியும்," என்றாள் அம்மா. கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தொரை தான?"

"ஆமா."

"இருக்கானா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் காமாலை, தேதி, சங்கத்துக்காரர்கள் கொள்ளி வைத்தது. அதோடு நிறுத்தாமல் அஞ்சலட்டையையும் சொன்னேன். பங்குனி, அரக்கு அடுப்பு, அப்பா சொன்னது. பேசி முடித்தபோது இரண்டு பேர் கையிலும் கீரை இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்கவில்லை. நாற்பத்தொன்பது வருடம் பயந்த கேள்வி வரவே இல்லை. அது வந்திருந்தால்கூடத் தேவலாம். எழுந்து போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, ஈரச் சேலையோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மதியம் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஒரே ஒரு முறை பேசினாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு ஆட்டோ சொல்லிருக்க?"

ஆகஸ்ட் 23, சனி

அம்மா நீலச் சுங்குடி கட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் பலகையில் தாத்தாவின் அட்டை 1957இல் முடிந்தது. சென்ற வாரம் நான் கொடுத்த இறப்புச் சான்றிதழை வைத்து எஸ்தர் அதை மாற்றியிருந்தாள். பக்கத்தில் இன்னொரு அட்டைக்கு இடம் விட்டு வெறுமையாக வைத்திருந்தாள். அம்மா பூதக்கண்ணாடியை அந்த வெறுமையான இடத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் படிவத்தை எஸ்தரிடம் கொடுத்தேன். திருத்தம் எழுதியிருந்தேன், உறவு எழுதியிருந்தேன். மூன்றாவது கட்டம் காலி.

"ஆதாரம் எழுதலயேக்கா."

"எரிஞ்சு போச்சு," என்றேன்.

எஸ்தர் அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரும்பாமலே சொன்னாள்: "அந்தக் கார்ட படிச்சதுல மிச்சம் இருக்கது இவ ஒருத்திதான். இவளத்தான் ஆதாரம்னு எழுதணும்."

"வாய்மொழியா சொன்னாலும் பதியலாம்மா. என்ன படிச்சாங்களோ அத அப்படியே சொல்லணும்," என்றாள் எஸ்தர். நாற்காலி கொண்டுவந்து அம்மாவை உட்கார வைத்தாள். எனக்கொன்று போட்டாள். பென்சிலை எடுத்துக்கொண்டாள். பேசிக்கொண்டிருந்த சங்கரநயினார் சார் மற்றவர்களைக் கையமர்த்தி அந்தப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.

அம்மா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "சொல்லு," என்றாள்.

சொன்னேன்.

'அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும். நான் பம்பாயில் மாட்டுங்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலையில் இருக்கிறேன். படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். இங்கே இட்லி கல் மாதிரி இருக்கிறது. என் கணக்கு நோட்டில் பாதி எழுதாமல் இருக்கிறது, பிரமுவை எடுத்துக்கொள்ளச் சொல்லவும். அம்மா அழ வேண்டாம். அடுத்த தடவை கணக்கில் பாஸ் பண்ணிவிடுவேன். வா என்று ஒரு வரி எழுதினால் உடனே புறப்பட்டு வந்துவிடுகிறேன்.'

எஸ்தரின் பென்சில் கடைசி வரியில் நின்றுவிட்டது. நான் அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பா அந்த ஒரு வரியை எழுதவில்லை. எனக்கும் பதினாலு வயது, எழுதத் தெரியும். அப்பா கையில் படாமல் அடுத்த ஊர்ப் பெட்டியில் போட்டிருக்கலாம். ஒன்றரை மைல்தான். இதையும் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "அது கெடக்கட்டும். இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

சொன்னேன். முடிந்ததும் மறுபடியும் என்றாள். வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் ஒரு தடவை. சாப்பிட்ட பிறகு ஒரு தடவை. நான் சொல்லச் சொல்ல அவள் உதடு கூடவே அசைந்தது.

இப்போது அடுத்த அறையில் படுத்துக்கொண்டு அவளே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு வார்த்தை பிசகவில்லை.